நீங்க செஞ்சது

களிமண் உருண்டையைப் பாஞ்சாலி கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள். மண் பதமாக இருக்கிறதா என்று அவள் கைக்குத் தெரியாது. கையில் உணர்வு போய் எட்டு வருஷமாகிறது. கன்னத்துக்குத் தெரியும். கன்னம் சரி என்றதும் உருண்டையைச் சக்கரத்தின் நடுவில் அறைந்து உட்கார வைத்து, மோட்டார் சுவிட்சை முழங்கையால் தட்டினாள். பதினோரு மணிக்குக் கரண்ட் போய்விடும். அதற்குள் பன்னிரண்டு கோப்பையாவது எடுத்துவிட வேண்டும்.

வலது கை உள்ளே, இடது கை வெளியே. மண் மெல்ல எழும்பி வந்தது. இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் உள்பக்கமாக மடங்கிப்போனவை, நிமிராது. அந்த விரல்களின் கணு பட்ட இடத்தில் கோப்பையின் இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளம் விழுந்தது. அவள் எடுக்கும் எல்லாக் கோப்பையிலும் அந்தப் பள்ளம் விழும்.

மாதம் ஒருமுறை ஓசூரிலிருந்து வந்து வேலை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகும் கிருஷ்ணப்பன், முதலில் அந்தப் பள்ளத்தை ஒழிக்கப் படாத பாடு பட்டார். விரலில் ஈரத்துணி சுற்றச் சொன்னார், மரச்சில்லை வைத்து வழிக்கச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் அவள் செய்த கோப்பையில் சுடச்சுட டீ குடித்தவர், தன் விரல்கள் தானாகப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டதைப் பார்த்துவிட்டு, "புடிக்க வாட்டமா இருக்குதே. இருந்துட்டுப் போவட்டும் விடும்மா" என்றார். அதற்கப்புறம் பள்ளத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

நிலையம் தருமபுரிக்கு வெளியே அரூர் ரோட்டில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் நன்கொடையில் ஓடிய தொண்டு நிலையம். பெருவியாதி வந்து குணமான பெண்களுக்குப் பாய் பின்ன ஒரு கொட்டகை, துணி பொம்மை தைக்க ஒன்று, மண் வேலைக்கு ஒன்று. மண் கொட்டகையில் பன்னிரண்டு பேர். பாஞ்சாலி வந்து மூன்று வருஷம் முடிந்து, எண்பத்தாறாம் வருஷம் நடந்துகொண்டிருந்தது.

அரூர் பக்கத்தில் அவள் ஊர். கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். ஒருநாள் சோற்றுப் பானையைத் துணி பிடிக்காமல் வெறுங்கையால் இறக்கி வைத்தாள். தோல் கருகிய நாற்றம் மூக்கில் ஏறிய பிறகுதான் கை வெந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. புருஷன் மாது அவளைத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்து சீட்டு வாங்கிக் கொடுத்து, பெஞ்சில் உட்கார வைத்து, "மல்லாட்ட மூட்டைய சந்தையில போட்டுட்டு வந்துடறேன்" என்று போனான். அவள் அன்று சாயங்காலம் வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இப்போது வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் கேள்வி.

வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு நோய் தீர்ந்தது. தீர்ந்துவிட்டது என்று டாக்டர் முத்திரை வைத்து ஒரு காகிதமும் கொடுத்தார். அந்தக் காகிதத்தை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

நிலையத்துக்கு வந்த புதிதில் இடது கை எந்நேரமும் முந்தானைக்குள்தான் இருக்கும். சாப்பிடும்போதும் வெளியே வராது. ஆனால் கையை ஒளித்துக்கொண்டு சக்கரத்தில் வேலை செய்ய முடியாது. முதல் வாரம் முழுக்க அழுதாள். பக்கத்துச் சக்கரத்தில் இருந்த கோவிந்தம்மாள், "இங்க யார் கை யாருக்கு நல்லா இருக்குது, ஒளிச்சி வெக்கறதுக்கு?" என்று தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். கோவிந்தம்மாளுக்கு வலது கையில் மூன்று விரல் பாதிப் பாதிதான். அதைப் பார்த்த பிறகுதான் பாஞ்சாலி முந்தானையை இடுப்பில் சொருகினாள்.

அவள் தலை நிமிர்ந்தது மண்ணால்தான் என்றாலும், இன்னொரு காரணமும் உண்டு.

ஒரு வருஷத்துக்கு முன்னால் மேற்பார்வைக்கு லூர்துமேரி டீச்சர் திருச்சிப் பக்கமிருந்து வந்தாள். முப்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடி போட்டவள். வந்த மாதத்திலேயே ரப்பரில் செய்த முத்திரைகளை மெட்ராஸிலிருந்து வரவழைத்து ஆளுக்கொன்று கொடுத்தாள். கோப்பை காய்வதற்கு முன் அடியில் அதை அழுத்த வேண்டும். வட்டமாக இரண்டு வரி, இங்கிலீஷ் எழுத்து. பாஞ்சாலிக்குத் தமிழே படிக்கத் தெரியாது.

"இதுல என்னாங்க டீச்சர் எழுதியிருக்குது?"

லூர்துமேரி கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நீங்க செஞ்சதுன்னு எழுதியிருக்கு" என்றாள்.

பாஞ்சாலியை அதுவரை யாரும் நீங்க என்று சொன்னதில்லை. ஊரில் கவுண்டர் வீட்டுச் சின்னப் பையன்கூட "ஏ பாஞ்சாலி" என்றுதான் கூப்பிடுவான். ஆஸ்பத்திரியில் அவள் பதினேழாம் நம்பர் பெட்டு. இப்போது ஒரு டீச்சர் நீங்க என்கிறாள், அதை இங்கிலீஷில் எழுதியும் கொடுத்திருக்கிறாள். தலைகால் புரியவில்லை அவளுக்கு. கோவிந்தம்மாளின் முத்திரையும் பார்க்க அதே மாதிரிதான் இருந்தது. இங்கிலீஷ் எழுத்து எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து முத்திரையை அவள் அழுத்துவதே தனி அழகு. கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, நடுப்பாகம் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எழுத்தில் ஒன்றுகூட மழுங்காமல் எடுப்பாள். மற்றவர்களுடையது கோணலாகக் கிடக்கும். "பேரு வெக்கற மாதிரி வெக்கறா பாரு" என்று கோவிந்தம்மாள் கேலி செய்வாள். பேர் வைப்பதாகத்தான் பாஞ்சாலியும் நினைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் டவுனுக்குப் போவாள். நிலையத்துப் பெண்களில் பாதிப் பேர் கேட்டைத் தாண்ட மாட்டார்கள். இவளும் அப்படி இருந்தவள்தான். இப்போது டவுன் பஸ்ஸில் ஏறி, பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கடைத்தெருவைச் சுற்றி ஒரு முழம் பூவோ நாலு வாழைப்பழமோ வாங்கிக்கொண்டு திரும்புவாள். இடது கை மட்டும் முந்தானைக்குள் இருக்கும். டீக்கடையில் கிளாஸ் கேட்கமாட்டாள். நோய் கண்ட புதிதில் ஒரு கடைக்காரன் அவள் கையைப் பார்த்துவிட்டு, அவள் குடித்த கிளாஸைக் கல்லில் போட்டு உடைத்திருக்கிறான். அதனால் அடியில் பூச்சு திரண்டு எழுத்து மூடிப்போய், விற்க முடியாது என்று ஒதுக்கிய தன் கோப்பை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போவாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சாரியில் கவுஸ் பாஷாவின் டீக்கடை. ஐம்பதைத் தாண்டியவர், தாடியில் பாதி நரை, வாய் ஓயாது. கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தாக்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் அவர் கடை டீக்காகவே நடந்து வருவார்கள். பாஞ்சாலி நீட்டிய கோப்பையில் டீயை ஊற்றியவர், கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க வாங்குனதுக்கா?"

வாங்கினேன் என்று சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். அவளுக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "வாங்கலிங்க. நான் செஞ்சது."

"நீங்க செஞ்சதா!" பாஷா இரண்டு விரலைப் பள்ளத்தில் வைத்து அழுத்தினார். "சுடவே இல்லியே. வெரலு என்னமா ஒக்காருது. ஆபீசு ஆளுங்களுக்கு கிளாசுல குடுத்தா கை சுடுதுன்னு பேப்பர சுத்திப் புடிக்கறாங்க. எனுக்கு நாப்பது செஞ்சி தர்றீங்களா?"

"எங்க டீச்சரக் கேக்கணுங்க."

"கேட்டுட்டு வாங்க. வேற எவனுக்கும் குடுத்துடாதீங்க, எனுக்குத்தான் மொதல்ல."

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள். நிலையத்துச் சாமான்கள் மெட்ராஸ் கடைகளுக்குப் போகும், கப்பலேறியும் போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். வாங்கினவர் முகத்தைப் பார்த்ததில்லை. இந்த மனுஷன் அவளைப் பார்த்து இரக்கப்படவில்லை. அவள் கையையே அவர் பார்க்கவில்லை. கப்பு நன்றாக இருக்கிறது, எனக்கு வேண்டும் என்கிறார். அவளுக்கு அது போதும். இந்த நாற்பதும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் அதற்கு மேல் சாமியிடம் கேட்க ஒன்றுமில்லை என்று தோன்றியது.

லூர்துமேரிக்கும் சந்தோஷம்தான். உள்ளூரிலிருந்து நிலையத்துக்கு வந்த முதல் ஆர்டர் அது. கணக்கில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்தவள் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"இந்த நாப்பதுக்கும் சீல் வேண்டாம், பாஞ்சாலி."

"ஏங்க?"

"உள்ளூர்தானே. சும்மா விட்டுடுங்க. மெட்ராஸுக்குப் போறதுக்கு மட்டும் போட்டாப் போதும்."

பாஞ்சாலி தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். ஆனால் மனசு ஆறவில்லை. முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் அவள் செய்ததென்று எழுதி அனுப்பலாம், நேரில் வந்து கேட்டு வாங்கும் மனுஷனுக்கு மட்டும் எழுதக் கூடாதா? வேலை மிச்சமாகட்டும் என்று டீச்சர் சொல்லியிருப்பாள். தனக்கு இது வேலையே இல்லையே என்று நினைத்தாள்.

பதினைந்து நாள் கண்ணும் கருத்துமாக அந்த நாற்பதையும் செய்தாள். ஒன்றைப்போல் ஒன்று. வாய்விளிம்பு உதட்டில் குத்தாமலிருக்க ஈரத் தோலால் மூன்று தரம் இழைத்தாள். லூர்துமேரி சேலத்துக்குப் போயிருந்த நாளன்று, காயாமலிருக்க ஈரச்சாக்கு மூடி வைத்திருந்த நாற்பதையும் பலகையில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றிலும் முத்திரையை அழுத்தினாள். அவ்வளவு திருத்தமாக அதுவரை அவளே அழுத்தினதில்லை.

சூளையிலிருந்து வெளியே வந்தபோது காப்பிக்கொட்டை நிறத்தில் கண்ணாடி மாதிரி மினுங்கின. டீச்சர் பார்ப்பதற்குள் வைக்கோலில் சுற்றி மரப்பெட்டியில் அடுக்கி மூடிவிட்டாள். நிலையத்து ஜீப் டவுனுக்குப் போகும் நாளில் டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு போய்ப் பாஷா கடையில் இறங்கினாள். பெட்டியை டிரைவர் தூக்கிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது கடையில் பலகை முழுக்க அவள் கோப்பைகள். பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்து அதில் குடித்துக்கொண்டிருந்தார்கள். மடிப்புக் கலையாத சட்டைக்காரர் ஒருவர் குடித்து முடித்த பிறகும் கோப்பையைக் கீழே வைக்காமல், பள்ளத்தை விரலால் நீவிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். பாஞ்சாலி தன் பையிலிருந்த கோப்பையை எடுக்கப் போனாள்.

"அது எதுக்குக்கா? இத்தன கப்ப செஞ்சி குடுத்துட்டு" என்று பாஷா பலகையிலிருந்து ஒன்றை எடுத்து, வெந்நீரில் அலசி, டீ ஊற்றி நீட்டினார். ஏடு மிதந்தது.

நாலு பேர் குடிக்கும் பாத்திரத்தில் நாலு பேர் நடுவில் நின்று அவள் குடித்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டதைப் புகை என்று சொல்லித் துடைத்தாள்.

"அடியில என்னமோ எழுதியிருக்குதே, எனுக்கு தமிழும் உருதும்தான் ஓடும். இன்னாக்கா அது?"

"நான் செஞ்சதுன்னு எழுதியிருக்குதுங்க."

"பேர வேற போட்டுட்டீங்களா! பலே" என்று பாஷா சிரித்தார்.

அதற்கடுத்த ஞாயிறு மழை. போகவில்லை. மூன்றாவது ஞாயிறு போனாள்.

பலகையில் கண்ணாடி கிளாஸ்கள் இருந்தன. ஒருவேளை கோப்பைகளைக் கழுவப் போட்டிருப்பார்கள் என்று கழுவும் தொட்டிப் பக்கம் பார்த்தாள். அங்கேயும் இல்லை. பெஞ்சில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மட்டும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பாஷா எப்போதும் போல "வாங்கக்கா" என்று சொல்லவில்லை. காய்ந்துகொண்டிருந்த பாலை எதற்கோ கிண்டிக்கொண்டிருந்தார்.

"கப்புங்கள காணோமே?"

பாஷா கரண்டியை வைத்தார். "அக்கா, அதுல இன்னா எழுதியிருக்குதுன்னு ஒங்களுக்கு நெஜமாவே தெரியுமா?"

"தெரியுமே. நான் செஞ்சதுன்னு."

பாஷா வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் பேப்பரை மடித்தார். வகுப்பில் பாடம் நடத்தும் குரலில், "குஷ்டரோகத்திலிருந்து குணமானவர்கள் செய்தது. அப்படின்னு எழுதியிருக்கும்மா" என்றார். சொல்லிவிட்டுப் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

பாஞ்சாலிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. வேறு யாருடைய கோப்பையையோ பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்தாள்.

"நாந்தான் சார்கிட்ட காட்டுனேன்" என்றார் பாஷா. "அக்கா பேரு போட்டிருக்குது, படிங்க சார்னு பெருமையாத்தான் குடுத்தேன். சார் படிச்சாரு. பக்கத்துல இருந்த ரெண்டு பேரு கேட்டாங்க. ஒருத்தரு வாய்க்குள்ள கைய விட்டு இங்கியே வாந்தி எடுத்தாரு. மறுநாள்ளருந்து ஆபீசு ஆளுங்க ஒருத்தர்கூட வர்றதில்ல. எதிர்க் கடைக்குப் போறாங்க."

"எனக்கு கொணமாயிடுச்சிங்க. டாக்டர் காயிதம் குடுத்திருக்காரு. கொண்டாந்து காட்டறேன்."

"எனுக்கு வெளங்குதுக்கா. வர்ற ஆளுக்கெல்லாம் காயிதத்த காட்டிக்கினே டீ ஊத்த முடியுமா?"

அவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு வந்திருப்பாள். அவர் பெஞ்சுக்கு அடியிலிருந்து மரப்பெட்டியை இழுத்து வெளியே வைத்தார். அதே வைக்கோல். "நாப்பதும் இருக்குது. ஒண்ணுகூட ஒடைக்கல. நீங்க நல்லாத்தான் செஞ்சீங்க. நான் கொற சொல்லல. துட்டும் திருப்பித் தர வேணாம்."

"எழுத்து இல்லாம வேற செஞ்சி தரட்டுங்களா?"

பாஷா வைக்கோலை உள்ளே அமுக்கிப் பெட்டியை மூடினார். பெட்டியைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். அவள் முந்தானையிலிருந்து இடது கையை எடுத்துப் பெட்டிக்கு அடியில் கொடுத்தாள். ஒரு கை கொடுக்கலாம் என்று குனிந்து வந்த பாஷா, அந்தக் கையைப் பார்த்ததும் பாதியில் நின்றுவிட்டார். அவளே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

டவுன் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெட்டி சரியாமலிருக்க இரண்டு கையாலும் பிடித்தாக வேண்டும், ஒளிக்க வழியில்லை. சந்தைக்கு வந்து திரும்பும் கூட்டம். கம்பைநல்லூர் பிரிவு வரைக்கும் ஆட்கள் நின்றுகொண்டே வந்தார்கள். அவள் பக்கத்து இடம் காலியாகவே வந்தது.

மறுநாள் காலையில் லூர்துமேரியின் மேஜைக்குப் பக்கத்தில் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தாள். லூர்துமேரி ஒரு கோப்பையை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

"சீல் வேண்டாம்னு நான் சொன்னேனே பாஞ்சாலி."

"எதுக்கு வேணாம்னு சொல்லலியேங்க."

"சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்."

"நீங்க செஞ்சதுன்னு எழுதியிருக்குதுன்னு சொன்னீங்க."

"ஆமா. நீங்க செஞ்சதுதானே? நீங்க எல்லாரும்."

தன்னை மரியாதையாகச் சொன்ன சொல் என்று ஒரு வருஷமாகப் பாஞ்சாலி பொத்திப் பொத்தி வைத்திருந்தது. கொட்டகையில் இருக்கிற பன்னிரண்டு பேரையும் சேர்த்துக் கூட்டமாகச் சொன்னதுதான் அது. டீச்சர் பொய் சொல்லவில்லை. அவளாகத்தான் தப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவமானம் தலையிலிருந்து கால்வரை இறங்கியது.

"இனிமே என் கப்புக்கு அந்த சீலு வேணாங்க டீச்சர்."

லூர்துமேரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அது இல்லாம எப்படி விக்கிறது? இதுல பாதி விலைக்கு மெட்ராஸ்ல நல்ல பீங்கான் கிடைக்குது. அந்த எழுத்தைப் பாத்துதான் வாங்குறாங்க. அது விக்கிற பணத்துலதான் கொட்டகை ஓடுது."

"கப்பப் பாத்து வாங்கலிங்களா?"

லூர்துமேரி கெட்டவள் இல்லை. கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "போய் வேலையப் பாருங்க" என்றாள்.

பாஞ்சாலி வேலையைப் பார்த்தாள். ஆனால் முத்திரையை மட்டும் தொடவில்லை. அவள் அடிப்பக்கத்தை வெறுமையாக விட்டுப் பலகையில் அடுக்குவாள். சாயங்காலம் லூர்துமேரி வந்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அழுத்திவிட்டுப் போவாள். கோவிந்தம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஒனக்கு ஏண்டி இந்த வீம்பு? என்னத்த எழுதியிருந்தா என்ன, சோறு போடுதில்ல?" என்றாள். பாஞ்சாலி அடுத்த உருண்டையை எடுத்துக் கன்னத்தில் ஒற்றினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கேட்டைத் தாண்டுவதும் நின்றுபோயிற்று.

பொங்கல் கழிந்து ஒருநாள் கிருஷ்ணப்பன் சூளை ஏற்றிக்கொண்டிருந்தார். டீச்சர் ஊரில் இல்லை. பாஞ்சாலி தனியாக ஒரு கோப்பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அடியில் எழுத்து இல்லை. கிருஷ்ணப்பன் அதைக் கவிழ்த்துப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு சூளைக்குள் வைத்தார். மூன்று வருஷத்தில் அவள் எடுத்ததிலேயே அது போலத் திருத்தமாக எதுவும் வந்ததில்லை. கனமே தெரியாது.

அந்த மாதக் கடைசியில் நன்கொடை அனுப்பும் ஊரிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தாள். கூடவே மெட்ராஸிலிருந்து போட்டோ எடுக்க ஒருவர். கொட்டகை முன்னால் மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, கோப்பைகளையும் தட்டுகளையும் பரப்பியிருந்தார்கள். எழுத்தில்லாத கோப்பையைப் பாஞ்சாலி அவற்றின் நடுவில் கொண்டுபோய் வைத்திருந்தாள். பெண்கள் பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்றார்கள்.

அந்த அம்மாள் ஒரு கோப்பையை எடுத்தாள். எடுத்ததும் கவிழ்த்தாள். அடியைப் படித்தாள். தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, இரக்கத்தோடு புன்னகை செய்துவிட்டுப் பக்கத்துக் கூடையில் வைத்தாள். அடுத்ததையும் அப்படியே. உள்ளே எப்படி இருக்கிறது, விளிம்பு எப்படி இருக்கிறது என்று ஒன்றைக்கூட நிமிர்த்தி வைத்துப் பார்க்கவில்லை. பாஞ்சாலி அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எழுத்தில்லாத கோப்பை வந்தது. அந்த அம்மாள் கவிழ்த்தாள். எழுத்தைத் தேடினாள். விரலால் தடவியும் பார்த்துவிட்டு, மேஜையிலேயே திரும்ப வைத்து லூர்துமேரியிடம் என்னவோ கேட்டாள்.

"இது நீங்க செஞ்சதில்லையான்னு கேக்குறாங்க" என்று லூர்துமேரி தமிழில் சொன்னாள். சொல்லிவிட்டுப் பாஞ்சாலியைப் பார்க்காமல் நின்றாள்.

வரிசையை விட்டுப் பாஞ்சாலி முன்னால் வந்தாள். "நான் செஞ்சதுங்க" என்றாள். அந்த அம்மாளுக்குப் புரியாது என்று தோன்றியதும், கோப்பையைக் கையிலெடுத்து, மடங்கிய இரண்டு விரல்களையும் பள்ளத்தில் பொருத்திக் காட்டினாள். கச்சிதமாகப் பொருந்தியது. "நான் ஒருத்தி செஞ்சது."

அந்த அம்மாளின் கண்கள் கலங்கிவிட்டன. பாஞ்சாலியின் தோளைத் தொட்டாள். பிறகு போட்டோக்காரரைக் கை காட்டிக் கூப்பிட்டாள்.

போட்டோக்காரர் பாஞ்சாலியை வெயிலில் தள்ளி நிறுத்தினார். கோப்பையை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். முந்தானையைச் சரி செய்துகொண்டாள். கோப்பையின் பூச்சில் வெயில் பட்டு மினுங்கியது. அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"கப்ப கொஞ்சம் கீழ எறக்குங்கம்மா. விரல மறைக்குது."

இறக்கினாள்.

"இன்னும் கொஞ்சம்." மறுபடியும் பார்த்தார். திருப்தியில்லை. "சரி, கப்பு வேணாம். அதக் கீழ வச்சிடுங்க. கைய மட்டும் காட்டுங்க, முகத்துக்குப் பக்கத்துல. ரெண்டு கையும்."

பாஞ்சாலி லூர்துமேரியைப் பார்த்தாள். லூர்துமேரி மேஜைத் துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். பாஞ்சாலி குனிந்து கோப்பையை மண் தரையில் வைத்துவிட்டு, நிமிர்ந்து, இரண்டு கைகளையும் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கினாள்.

ஒரு படம் எடுத்ததும் பிலிம் தீர்ந்துவிட்டது. மாற்றும் வரைக்கும் கையை அப்படியே வைத்திருக்கும்படி அவர் சொன்னார். அவள் வைத்திருந்தாள்.